நாற்பத்தொரு நிமிட பேட்டரி

அந்த வீடியோ கேமரா எனக்கு மருமகன் வழியாக வந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்தபோது வாங்கியது. பேரனின் முதல் பிறந்தநாளில் தொடங்கி காதுகுத்து வரை எடுத்துத் தள்ளினார். பிறகு நல்ல போன் ஒன்று கைக்கு வந்ததும், "மாமா, இது உங்களுக்குத்தான்" என்று பையோடு நீட்டினார். பழைய சட்டையைத் தானம் கொடுப்பவர்களின் முகத்தில் ஒரு பெருந்தன்மை இருக்குமே, அது அவர் முகத்தில் இருந்தது. நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்று அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓய்வு பெற்றவர்களிடம் பழைய பொருள்கள் வந்து சேர்வது இயல்பு. நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கேமராவில் ஒரு குறையும் இல்லை. பேட்டரிதான் கிழடு. புதிதில் இரண்டு மணி நேரம் ஓடும் என்று கையேட்டில் போட்டிருந்தது. என்னிடம் வந்தபோது ஒரு மணிக்கும் குறைவாகவே ஓடியது. வேலூருக்குப் போய் மாற்று பேட்டரி கேட்டேன். கடைக்காரர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு பேட்டரி வர்றதில்ல சார். வேணும்னா கேமராவ தராசுல போட்டு தந்துடுங்க, எடைக்கு எடுத்துக்கறேன்."

ஜமுனாமரத்தூருக்குத் திரும்பும் பேருந்தில், மலைப்பாதை வளைவுகளில் மடியில் கேமராவை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். இருக்கும் உயிரை நிர்வகிப்பது. நான் முப்பத்தாறு ஆண்டுகள் செய்த வேலையும் அதுதான்.

ஒரு நோட்டில் கோடு போட்டேன். மின்னேற்றம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஓடிய நிமிடங்கள், குறிப்பு. மலையில் மாலையானால் மின்னழுத்தம் இறங்கிவிடும், குழல்விளக்கு கண்ணடிக்கும். ஆகவே பகல் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில்தான் மின்னேற்றம். பேட்டரியை ஒட்ட ஒட்டத் தீர்க்கக்கூடாது. முழுக்க ஏற்றி மாதக்கணக்கில் போட்டு வைக்கவும் கூடாது. பாதியில் நிறுத்தி, கேமராவிலிருந்து கழற்றி, வெயில் படாத அலமாரியில் வைக்கவேண்டும். படம் எடுக்கும்போது பக்கவாட்டில் விரியும் திரையைத் திறக்கக்கூடாது, அது பேட்டரியைக் குடிக்கும். கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னத் துளை போதும். தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் பொத்தானையும் தொடக்கூடாது. பக்கத்தில் பார்க்கவேண்டுமென்றால் நடந்து போகவேண்டும். எடுத்ததை அங்கேயே போட்டுப் பார்ப்பது தண்டச் செலவு. மூலையில் தெரியும் பேட்டரிப் படத்தில் மூன்று கட்டைகள் உண்டு. முதல் இரண்டும் நாணயமானவை. மூன்றாவது பொய் சொல்லும்.

குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும் என்பதையும் அனுபவத்தில் கண்டுகொண்டேன். மார்கழியில் அதை பனியனுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்தேன். மனைவி ஒருநாள் அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பெத்த பொண்ண ஒரு நாளு இப்படி மாரோட அணைச்சதில்ல. இதுக்கு வந்த வாழ்வப் பாரு."

அவள் சொன்னது உண்மை. குறிப்புப் பத்தியில் எழுதவில்லை.

என் வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கும். சந்தை நாளில் மலைக்கிராமத்து ஆட்கள் மனு எழுத வருவார்கள். நான் அடிவாரத்து ஆள், அமிர்தி பக்கம். வேலைக்காக மலையேறியவன் இறங்கவில்லை, அவ்வளவுதான். மனு எழுதக் காசு வாங்குவதில்லை. சேவை மனப்பான்மை என்று யாராவது சொன்னால் மறுப்பதும் இல்லை. உண்மையில் எழுதாமல் இருக்கத் தெரியவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி அந்த அம்மாள். ஐம்பதைத் தாண்டியவள். கணவன் இல்லை. ஜீப்பில் முக்கால் மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம் நடை என்ற தூரத்தில் அவள் ஊர். காட்டை ஒட்டி இரண்டே முக்கால் ஏக்கர் சரிவு. மாமனார் காலத்திலிருந்து சாமையும் கொள்ளும் விதைத்து வருகிறார்கள். நிலம் காட்டுக் கணக்கில் இருந்தது. வன உரிமைச் சட்டத்தில் அவளுக்கு உரிமைப் பத்திரம் கிடைக்க வழி உண்டு. ஊரில் உள்ள குழு மனுவை மேலே அனுப்பியது. மேல் குழு திருப்பி அனுப்பிவிட்டது. நிலத்தை நேரில் பார்வையிட்டதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம்.

"இன்னா சார் ஆதாரம்? நெலம் அங்கியேதான கீது. வந்து பாத்தா தெரியப்போவுது" என்றாள்.

"அவங்க வரமாட்டாங்கம்மா. நாமதான் நிலத்தைக் கொண்டுபோகணும்."

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். நான் கேமராவைக் காட்டினேன்.

நிலத்தில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கிழக்கே ஓடை. மேற்கே மாமனார் அடுக்கிய கல்வரப்பு. வடக்கே ஒரு கிழட்டுப் பலாமரம். தெற்கே, சரிவின் மேல் முனையில், இரண்டு சமாதிக் கற்கள். ஒன்று மாமனாருடையது, மற்றது கணவனுடையது. கற்களைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. பலாமரத்தைச் சொன்ன அதே குரல்தான். நிலத்தை அந்தக் குடும்பம் தலைமுறையாக ஆண்டுவருகிறது என்பதற்கு அந்தக் கற்களைவிட நல்ல சான்று கிடையாது என்பது எனக்குத் தெரியும். சொல்லவும் செய்தேன்.

நாள் குறித்தோம். ஊர்க் குழுவுக்கு நோட்டீஸ், வனத்துறைக்கு நோட்டீஸ், ஒப்புகை எல்லாம் முறைப்படி. இரண்டு நாள் முன்னதாக பேட்டரியை முழுக்க ஏற்றி, சுவர்க் கடிகாரத்தை நோக்கி கேமராவை வைத்து ஓடவிட்டேன். நாற்பத்தொரு நிமிடங்கள். மறுபடி ஏற்றினேன். நாற்பத்தொரு நிமிடத்தில் இரண்டே முக்கால் ஏக்கரைச் சுற்றிவர முடியும். காகிதத்தில் கணக்கிட்டேன். ஆறு நிமிடம் மிச்சம் வந்தது.

மார்கழிக் காலை, பேட்டரியை பனியனுக்குள் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். சாமை அறுத்த அடித்தாள் நிலம் முழுக்க நின்றது. ஊர் ஆட்கள் இருபது பேர் இருக்கலாம். குழுத் தலைவர் துவைத்த வேட்டி கட்டியிருந்தார். வனக்காப்பாளர் ஒருவர் வந்திருந்தார். ஊரில் அவரை 'கார்டு' என்பார்கள். நடுத்தர வயது, சீருடைமேல் கம்பளிச் சட்டை. மனுவை எதிர்க்கும் தரப்பு என்று அவரை நான் மனதில் குறித்துவைத்திருந்தேன்.

"மொதல்ல கல்லுங்க கிட்ட போய்டலாமா சார்? இங்கேருந்து கிட்டதான்" என்று அந்த அம்மாள் கேட்டாள். நாங்கள் நின்ற பாதை தெற்கு முனைக்குப் பக்கத்தில்தான் நிலத்தைத் தொட்டது. கற்கள் முப்பது தப்படியில் இருந்தன. சுண்ணாம்பு பூசியிருந்தாள். முந்தின நாள் பூசியிருக்கவேண்டும், வெள்ளை பளிச்சென்று இருந்தது.

"வரிசைப்படி போகலாம்மா" என்றேன்.

வரிசை என்றால், பத்திரத்தில் எல்லை எழுதும் வரிசை. கிழக்கே, மேற்கே, வடக்கே, தெற்கே. முப்பத்தாறு ஆண்டுகளாக நான் எல்லைகளை அப்படித்தான் எழுதினேன், படித்தேன். காகிதத்தில் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போக ஒரு காற்புள்ளி போதும். நிலத்தில் குறுக்கே நடக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வரிசை வரிசைதான்.

கேமராவை ஓடவிட்டேன். இடையில் நிறுத்தினால் வெட்டி ஒட்டியது என்று ஆட்சேபணை வரும். ஆகவே தொடங்கினால் முடியும் வரை ஓடவேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். முதலில் தலைவர் நோட்டீஸை வாசித்தார். எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்ததும் தன் சொந்தப் பேச்சைத் தொடங்கினார்.

"நம்ம ஊருக்கு ரோடு கெடையாது, ஆஸ்பத்திரி கெடையாது..."

"தலைவரே, அது வேற மனு."

"கேமரா ஓடுதில்ல சார், ஒட்டுக்கா சொல்லிட்றேன்."

அதன்பின் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெயரும் தகப்பன் பெயரும் சொல்லவேண்டும் என்பது என் ஏற்பாடு. இருபது பேர், இருபது தகப்பன்மார். ஒருவர் தகப்பன் பெயரைச் சொன்னதும் பின்னாலிருந்து யாரோ, "டேய், உங்கப்பனுக்கு ஊர்ல வேற பேரு கீதுல்ல, அதயும் சொல்லுடா" என்றார். சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. கை ஆடினால் படம் ஆடும்.

கிழக்கே இறங்கும்போதே பதினாலு நிமிடம் ஆகியிருந்தது. ஓடையை எடுத்தேன். பிறகு நிலத்தின் குறுக்கே ஏறி மேற்கு வரப்புக்கு. பின்னால் இருபது பேரும் தாளை மிதித்துக்கொண்டு வந்தார்கள். அந்த அம்மாள் பக்கத்தில் வந்தாள்.

"இன்னா சார் இது, நாட்டியமா ஆடறோம்? சுத்தி வந்தா எல்லாம் வழியில கீது. குறுக்கால இஸ்துகினு போறீங்களே."

"பேசாதேம்மா, பதிவாகுது."

அவள் பின்தங்கி மற்றவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

கல்வரப்பு நீளமானது. முழு நீளத்தையும் நடந்து எடுத்தேன். பொத்தானை அழுத்தி இழுத்துக் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். பேட்டரி செலவாகும் என்று ஏழு நிமிடம் நடந்தேன். பிறகு மறுபடி குறுக்கே இறங்கி வடக்கே பலாமரம். காற்று எதிர்த்திசையிலிருந்து அடித்தது. விரல்கள் மரத்துப்போயிருந்தன. கேமராவின் வயிறும் சில்லென்று இருந்தது. இரண்டாவது கட்டை மறைந்தது. மரத்தைச் சுற்றி வந்து தெற்கே திரும்பி ஏறத் தொடங்கினேன். மூன்றாவது கட்டை சிமிட்டியது. முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. கற்கள் கண்ணுக்குத் தெரிந்தன. துளையில் பார்த்தபோது வெள்ளையாக இரண்டு புள்ளிகள், நடுவில் தாள். வேகமாக நடந்தேன். என் வயதில் அந்தச் சரிவில் எவ்வளவு வேகமாக நடக்கமுடியுமோ அவ்வளவு. துளை கறுத்துவிட்டது.

பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். நெஞ்சில் வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி மாட்டினேன். அப்படிச் செய்தால் சில சமயம் ஒரு நிமிடம் ஓடும். நோட்டில் மூன்று முறை பதிவு உண்டு. இந்த முறை விளக்கு ஒன்று எரிந்து அணைந்தது. எல்லாரும் கற்களைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன்.

கார்டு பக்கத்தில் வந்தார். தன் போனை எடுத்தார்.

"சார், என் போன்ல எடுத்துத் தரேன். ரெண்டு நிமிசம். அப்புறம் சேத்துக்கலாமே."

அவர் குரலில் சூது எதுவும் இல்லை. அன்று எனக்கு அது கேட்கவில்லை.

"அது சரிவராதுங்க. ஒரே பதிவு, ரெண்டு கருவி. அதுவும் எதிர்த்தரப்புக் கருவி. நாளைக்கு நீங்களே ஆட்சேபணை செய்வீங்க."

"நான் இன்னாத்துக்கு சார் செய்யப்போறேன்?" என்றார். போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எடுக்கட்டுமே சார்" என்றாள் அந்த அம்மாள்.

"உனக்குத் தெரியாதும்மா. விடு."

தலைவரும், "சாருக்குத் தெரியாததா" என்றார். விஷயம் முடிந்தது.

பிறகு ஒரு பாறைமேல் உட்கார்ந்து மகஜர், அதாவது நேரில் பார்வையிட்டதற்கான சாட்சிப் பதிவு, எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும். எழுதினேன். கடைசிப் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம்: 'தெற்கு எல்லையை அடையும் முன்னர் ஒளிப்பதிவுக் கருவியின் மின்கலம் தீர்ந்துவிட்டபடியால், தென்பகுதியில் உள்ளதாகக் கூறப்படும் சமாதிகள் பதிவு செய்யப்படவில்லை.' அந்தச் சமாதிகளிலிருந்து நான் நான்கு தப்படி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அலுவலகக் கை அப்படித்தான் எழுதும். உரக்க வாசித்துக் காட்டினேன். அந்தத் தமிழை அங்கே யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் பெருவிரல் வைத்தார்கள். கார்டு மட்டும் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரும் போட்டார்.

படத்தைக் குறுந்தட்டில் ஏற்றி, இரண்டு பிரதி எடுத்து, உறையில் போட்டு, மேலே பொருள் எழுதி அனுப்பினேன். கோப்பு அழகாக இருந்தது. அந்த ஆண்டு மேல் குழுவுக்குப் போன கோப்புகளில் அதைவிட ஒழுங்கான கோப்பு இருந்திருக்காது.

வைகாசி கடைசியில் பத்திரம் வந்தது. அந்த அம்மாள் அதை ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு சந்தை நாளில் வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றாள்.

"கெடைச்சிட்சி சார். எவ்ளோ போட்டுக்கீதுன்னு பாருங்க. கார்டு இன்னாவோ சொல்றாரு, எனக்கு ஒண்ணும் வெளங்கல."

இரண்டு ஏக்கர் போட்டிருந்தது. முக்கால் ஏக்கர் இல்லை. எல்லைகள்: கிழக்கே ஓடை, மேற்கே கல்வரப்பு, வடக்கே பலாமரம், தெற்கே காடு. இணைப்பு உத்தரவில் காரணமும் இருந்தது. ஒளிப்பதிவில் காணப்படும் பரப்புக்கு மட்டும் உரிமை பரிந்துரைக்கப்படுகிறது. தென்பகுதியைப் பொறுத்தவரை சமாதிகள் உள்ளதாகக் கூறப்படுவது மகஜரிலேயே உறுதி செய்யப்படவில்லை. என் வாக்கியத்தை எடுத்து அப்படியே பயன்படுத்தியிருந்தார்கள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"தெக்கே காடுன்னா, அவரு காட்லயா கெடக்கறாரு இப்ப?"

"காகிதப்படி அப்படித்தான்."

"நீங்க பாத்தீங்களே சார். அங்கியேதான குந்தினு எழுதினீங்க."

"பாத்தேன்."

"பேட்டரி போச்சின்னு எழுதாம வுட்டிருந்தா?"

"தெரிஞ்சிருக்காது. படம் முழுக்க யாரும் பாத்திருக்கமாட்டாங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு எழுதினீங்க?"

"நடந்ததை எழுதணும்மா."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். தலையை மெல்ல ஆட்டினாள். விலை கேட்டு, கட்டாது என்று தெரிந்துகொண்டவள் போல. என் மனைவி உள்ளிருந்து காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மாள் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு அன்று ஒன்றும் தோன்றவில்லை. மறுநாளும் தோன்றவில்லை. அலமாரியில் பேட்டரி பாதி மின்னேற்றத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

மேல்முறையீட்டுக்கு அறுபது நாள். எனக்குத் தெரியும், அவளிடமும் சொல்லியிருந்தேன். யோசித்து வருகிறேன் என்றவள் வரவில்லை. ஐந்து வாரம் காத்திருந்து நானே மனுவை எழுதினேன். நான்கு பக்கம். என் மகஜரின் வாக்கியம் எழுதியவரின் கவனக்குறைவு என்றும், அவர் சமாதிகளை நேரில் கண்டவர் என்றும், எழுதியவரே ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறார் என்றும் எழுதினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய எந்தக் குறிப்பையும் தவறு என்று எழுதிக் கொடுத்ததில்லை. எழுதும்போது கை நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை, வழக்கம்போல் எழுதியது.

ஐம்பத்தாறாம் நாள் ஜீப் பிடித்துப் போனேன். நிலத்தில் புது எல்லைக்கல் நட்டு மஞ்சள் அடித்திருந்தார்கள். சாமை முழங்கால் உயரம் வந்திருந்தது. அவள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லைக்கல்லுக்கு அந்தப்பக்கம் விதைக்கவில்லை. மனுவை நீட்டி, எங்கே கைநாட்டு வைக்கவேண்டும் என்று காட்டினேன். அவள் கையை முந்தானையில் துடைத்தாள், ஆனால் வாங்கவில்லை.

"இத குடுத்தா, ஏற்கெனவே குடுத்த பத்திரத்துக்கு ஒண்ணும் ஆவாதே சார்?"

ஆகாது என்று சொல்லியிருக்கலாம். பெரும்பாலும் ஆகாது. ஆனால் மேல்முறையீடு என்று போனால் முழுக் கோப்பையும் மறுபடி பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. மறுபடி பார்க்கும்போது எது கண்ணில் படும் என்று யாரும் உறுதி கூறமுடியாது. அதை அப்படியே சொன்னேன்.

"அப்ப ரெண்டு ஏக்கரும் போவலாம்."

"போகாதுன்னு நினைக்கிறேன். போகவே போகாதுன்னு சொல்லமுடியாது."

"நீங்க எப்பவும் சரியாதான் சொல்றீங்க சார்" என்றாள். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. "வாணாம். கெடைச்சத காப்பாத்திக்கறேன். பொண்ணுக்கு இது ஒண்ணுதான் கீது."

வற்புறுத்தவில்லை. மனுதாரர் விரும்பாத மனுவை வற்புறுத்த விதியில்லை.

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டி ஏறினாள். மழைக்குப் புல் கற்களை மூடிவிட்டிருந்தது. குந்தி உட்கார்ந்து சுற்றிலும் அறுக்கத் தொடங்கினாள். மேலே பாதையில் கார்டு வந்துகொண்டிருந்தார். இப்போது அது அவர் காடு. அனுமதியில்லாமல் புல் அறுப்பது குற்றம். அவளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு பாதை ஓரம் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, முள் தேடுகிறவர்போல அடிப்பாகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். வெகுநேரம் தடவினார். அவள் இரண்டு கல்லையும் சுத்தம் செய்து, அறுத்த புல்லைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

"வெயில் ஏறிட்சி சார். ஜீப்பு போய்டும், கெளம்புங்க" என்றாள் அவள்.

கிளம்பினேன். ஜீப் போயிருந்தது. அடுத்த ஜீப்புக்கு இரண்டு மணி நேரம் மரத்தடியில் நின்றேன். நான்கு பக்க மனுவை மடித்துப் பையில் வைத்திருந்தேன். நான்கு நாள் கழித்துக் கெடு முடிந்தது. மனுவின் முதல் பக்க ஓரத்தில், 'மனுதாரர் கையொப்பமிட விரும்பவில்லை' என்று எழுதி, தேதியிட்டு, கோப்பில் சேர்த்தேன்.